வெளி ஆய்வகத்தோடு கூட்டு: கேள்வி-பதில்

சொந்த ஆய்வுக்கூடம் இருக்கும்போது வெளியாரிடம் ஏன் போக வேண்டும்? (ஓசூர்)

தினமும் ஓடும் கருவியை வாங்குங்கள். ஆண்டில் பத்து நாள் மட்டும் தேவைப்படும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள். ஆளுக்கும் இதே கணக்குதான். 2020இல் கொரோனா தடுப்பூசிக்கான எம்ஆர்என்ஏ தொழில்நுட்பம் ஜெர்மனியின் பயோஎன்டெக் நிறுவனத்திடம் இருந்தது. சுமார் 44,000 பேரிடம் சோதிக்கவும் கோடிக்கணக்கில் தயாரிக்கவும் வசதி ஃபைசரிடம் இருந்தது. இல்லாததைத் தேடித்தான் போகிறார்கள்.

கல்லூரியோடு சேர்ந்து பம்ப் மோட்டார் செய்தோம். பேட்டன்ட் இருவர் பெயரிலும் வரட்டுமா? மாணவர் ஆய்விதழில் கட்டுரை போட்டுவிட்டார், பாதகம் உண்டா? (கோவை)

ஒப்பந்த நகலை அனுப்பாமலே உரிமை பற்றிக் கேட்கிறீர்கள். ஒப்பந்தமே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

கூட்டு உரிமை நியாயமாகத் தெரியும், நடைமுறையில் முட்டுக்கட்டை. இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, வேறு ஏற்பாடு இல்லையென்றால், இருவரும் தனித்தனியே தயாரித்து விற்கலாம், லாபத்தில் பங்கு தர வேண்டியதில்லை. ஆனால் மற்றவர் சம்மதமில்லாமல் வெளியாருக்கு லைசென்ஸ் தர முடியாது. தொழிற்சாலை இல்லாத கல்லூரிக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. சம்மதம் கேட்டு நீங்கள் போகும் நாளில் இழுத்தடிக்கும். உரிமை உங்கள் பெயரில், கல்லூரிக்கு ராயல்டி என்று முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஏற்கெனவே உங்களிடம் உள்ள இம்பெல்லர் (பம்ப்பின் சுழல் சக்கரம்) வரைபடம், வார்ப்புப் பேட்டர்ன், டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் எண், தேதியோடு பின்னிணைப்பில் வரட்டும். எந்த வோல்டேஜில் சோதனை என்பதையும் எழுதுங்கள். ஆய்வகத்தில் சீரான 415 வோல்ட்டில் தேறிய மோட்டார், தோட்டத்தில் 350க்கு இறங்கும்போது கரண்ட் கூடி வைண்டிங் கருகும். அப்போது யார் பொறுப்பு என்று சண்டை வரும்.

கட்டுரையால்தான் பெரிய பாதகம். புதியதற்குத்தான் பேட்டன்ட், வெளியானது புதியதல்ல. கற்றறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரைக்கு இங்கே 12 மாத விலக்கு உண்டு, சாதாரண ஆய்விதழுக்கு இல்லை. ஐரோப்பாவில் இரண்டுக்குமே இல்லை. முதலில் தாக்கல், பிறகு கட்டுரை. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது.

ஜெர்மன் கூட்டாளி பேட்டன்ட்டுக்கு அங்கேயே முதலில் தாக்கல் செய்யலாம் என்கிறார். (சென்னை)

கண்டுபிடித்தவர்களில் இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் இருந்தாலும் இங்கே பேட்டன்ட் அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். அல்லது இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் காத்திருங்கள். மீறினால் இந்திய விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

ஆய்வகத்துக்குப் பணம் எப்படித் தரலாம்? (திருப்பூர்)

மூன்று தவணையில், 30, 40, 30 சதவீதமாக. கடைசித் தவணை, அறிக்கையோடு மூல அளவீடுகளும் கைக்கு வந்த பிறகே.

சொந்த ஆய்வுக்கூடச் செலவுக்கு 150 சதவீத வரிக்கழிவு உண்டா? (ஆம்பூர்)

2020 மார்ச்சோடு முடிந்தது. அதன்பின் நூற்றுக்கு நூறுதான்.