லாபக் கணக்கில் எழுதப்படாத சம்பளம்

கேள்வி: எங்கள் ஊரில் 15 ஆண்டுகளாக நடந்துவரும் பேக்கரி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சென்ற ஆண்டு லாபம் 12 லட்சம் ரூபாய் என்று கணக்கைக் காட்டும் உரிமையாளர், 36 லட்சம் கேட்கிறார். போட்ட முதல் மூன்றே ஆண்டுகளில் திரும்பிவிடும் என்கிறார். அவரும் மனைவியும்தான் கடையைக் கவனித்துக்கொள்கிறார்கள். கட்டடம் அவர்களுடையது; அதை விற்கவில்லை, வாடகைக்குத் தருவார்களாம். கணக்கில் நான் எதைப் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கணக்கில் எழுதியிருப்பதற்கு முன்னால், எழுதாமல் விட்டிருப்பதைப் பாருங்கள். தனி உரிமையாளர் தம் உழைப்புக்கு எடுத்துக்கொள்ளும் பணம் லாப நட்டக் கணக்கில் செலவாக வராது. மனைவிக்குச் சம்பளமோ சொந்தக் கட்டடத்துக்கு வாடகையோ அவர் எழுதியிருக்கவும் மாட்டார். நீங்கள் வாங்கிய மறுநாளே அவை மூன்றும் உங்கள் செலவாகும். வாடகை 25,000, பொறுப்பாளருக்கு 22,000, கல்லாவில் இருப்பவருக்கு 15,000 என்று வைத்துக்கொண்டால் மாதம் 62,000, ஆண்டுக்கு 7,44,000 ரூபாய். மிஞ்சுவது 4,56,000 மட்டுமே. முதல் திரும்ப ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகும். நானே கடையில் உட்கார்ந்துகொள்வேன் என்றாலும், அந்த 22,000 உங்கள் உழைப்பின் கூலியே தவிர, 36 லட்சம் ஈட்டித் தந்த வருமானம் ஆகாது.

பழைய அடுப்பின் கணக்கு மதிப்பு ஆண்டுதோறும் 15 சதவீதம் வீதம் கரைந்து, இப்போது தேய்மானம் (பொருள் பழசாவதற்காக ஆண்டுதோறும் செலவாக எழுதும் தொகை) சொற்பமாகத்தான் எழுதப்பட்டிருக்கும். அதனாலும் லாபம் பெரிதாகத் தெரியும். புது அடுப்பு வாங்கும் செலவோ உங்கள் தலையில் விழும். ஆண்டு இறுதிச் சரக்கிருப்பைக் கூட்டி எழுதினால் லாபமும் அதே அளவு கூடும் என்பதால், சரக்கை நேரில் எண்ணிப் பாருங்கள்.

வருமான வரிக் கணக்கை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். விற்பனையில் 8 சதவீதத்தை, வங்கி வழி வரவாயின் 6 சதவீதத்தை, லாபமென்று காட்டிவிடும் வசதி சிறு வணிகருக்கு உண்டு. அப்படிக் காட்டிய தொகைக்கும் கடையின் உண்மையான லாபத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டு ஜிஎஸ்டி படிவங்களை வங்கிக் கணக்கோடும், மைதா கொள்முதல் பில்களோடும் மின் கட்டணத்தோடும் மாதவாரியாக ஒப்பிடுங்கள். விற்பனை ஏறியதாகச் சொல்லும் மாதத்தில் மைதா ஏறவில்லை என்றால் விளக்கம் கேட்டே ஆக வேண்டும். “கணக்கில் வராத வியாபாரம் இன்னும் நிறைய இருக்கிறது” என்று அவர் சொல்லக்கூடும். காட்ட முடியாத வருமானத்துக்கு ஒரு ரூபாயும் விலை தராதீர்கள்.

தொழிலை விற்றவர் கைமாறும் நாள்வரை வைத்திருந்த ஜிஎஸ்டி பாக்கிக்கு, வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது சட்டம். ஆகவே விலையில் ஒரு பகுதியைச் சில மாதங்கள் நிறுத்திவைத்துத் தர ஒப்பந்தத்திலேயே இடம் வையுங்கள். வாடிக்கையாளர்கள் பழகியது அந்த இடத்துக்கு; ஆண்டுகளும் வாடகை உயர்வும் தெளிவாக எழுதிய வாடகை ஒப்பந்தம் பதிவாகும்வரை முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.