பாராபிளானர் வேலை: கேள்வி பதில்

பிரிட்டனில் நிதி ஆலோசகருக்குத் துணையாக ஆய்வும் கணக்கும் அறிக்கையும் செய்பவர் பாராபிளானர். அந்த வேலை மாறிவருவது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

கேள்வி: அக்கா, அட்வைசர் சொல்வதை அறிக்கையாக எழுதித் தருவதுதானே இந்த வேலை?

முன்பு பெரும்பாலும் அப்படித்தான். 2012 டிசம்பர் 31இல் ஆர்.டி.ஆர். (நிதி ஆலோசனைக்குக் கட்டணம் வாங்கும் முறையை மாற்றிய விதிகள்) வந்ததும் முதலீட்டு ஆலோசனைக்குக் கமிஷன் நின்றது. வாடிக்கையாளரே கட்டணம் தருகிறார், அதற்கு என்ன கிடைத்தது என்றும் கேட்கிறார். 2023 ஜூலை 31இல் நிதித் துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.சி.ஏ.வின் கன்ஸ்யூமர் டியூட்டி (வாடிக்கையாளருக்கு நல்ல பலன் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற விதி) வந்தபின், அந்தக் கேள்விக்கான பதில் கோப்பிலேயே இருக்க வேண்டும். ஆகவே ஆலோசகரின் முடிவு வாடிக்கையாளரின் தகவலோடு ஒட்டவில்லை என்றால், எழுதத் தொடங்குமுன் அதைத் திருப்பிக் கேட்பது உங்கள் பொறுப்பு. கேட்கத் தயங்குபவருக்கு இந்த வேலை சரிப்படாது.

கேள்வி: பழைய பென்ஷனை மாற்றும் கோப்புகளில் எங்கே அதிகம் தவறு நடக்கிறது?

தகவல் கேட்கும் இடத்தில். விவரம் தர வாடிக்கையாளர் அனுமதிக்கும் கடிதமான லெட்டர் ஆஃப் அத்தாரிட்டியை மட்டும் அனுப்பினால் பல நிறுவனங்கள் மதிப்புத் தொகையும் ஃபண்ட் பட்டியலும் தந்து முடித்துக்கொள்ளும். கேள்விப் பட்டியலைக் கூடவே இணையுங்கள்: உறுதியளித்த ஆன்யுவிட்டி வீதம் (சேர்ந்த தொகையை ஆயுள் முழுக்க வரும் வருமானமாக மாற்றும் வீதம்) உண்டா, 25 சதவீதத்துக்கு மேல் வரியில்லாத் தொகைக்குப் பாதுகாப்பு உண்டா, வெளியேறும் கட்டணம் எவ்வளவு, வித்-பிராஃபிட்ஸ் (லாபத்தில் போனஸாகப் பங்கு தரும் ஃபண்ட்) என்றால் இன்று வெளியேறினால் மதிப்புக் குறைப்பு இருக்கிறதா, பாதுகாக்கப்பட்ட ஓய்வு வயது உண்டா. 2028 ஏப்ரல் 6இல் பென்ஷன் பணத்தை எடுக்கும் குறைந்தபட்ச வயது 55இலிருந்து 57 ஆகிறது, அதனால் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

ஆன்யுவிட்டி வீதம்தான் பெரிய குழி. 1,00,000 பவுண்ட் இருக்கும் பாலிசியில் 9 சதவீதம் உறுதியளித்திருந்தால் ஆண்டுக்கு 9,000 பவுண்ட் ஆயுள் முழுக்க வரும். மாற்றிவிட்டால் அந்த உரிமை போனதுதான். “உண்டு” என்ற பதிலோடும் நிற்காதீர்கள். எந்த வயதில் செல்லும், துணைவருக்குத் தொடருமா, ஆண்டுதோறும் உயருமா என்று எழுத்தில் வாங்குங்கள். இப்படி உறுதியளித்த பலன்களின் மதிப்பு 30,000 பவுண்டைத் தாண்டினால், மாற்றுவதற்கு முன் ஆலோசனை பெறுவது சட்டப்படி கட்டாயம்.

புதிய திட்டத்துக்குச் செலவு அதிகம் என்றால், “முதலீட்டுத் தேர்வுகள் நிறைய” என்று எழுதுவது போதாது. ஒரே ஃபண்டில் உட்காரப்போகிறவருக்கு அதனால் என்ன பயன்?

கேள்வி: கேரி ஃபார்வர்ட் கணக்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

வரிச்சலுகையோடு பென்ஷனில் கட்ட ஆண்டுதோறும் ஒரு வரம்பு உண்டு; முந்தைய மூன்று ஆண்டுகளில் பயன்படுத்தாத வரம்பை இப்போது பயன்படுத்துவதுதான் கேரி ஃபார்வர்ட். 2025-26 வரியாண்டை எடுத்துக்கொள்வோம். முதலில் அந்த ஆண்டின் 60,000 பவுண்ட் வரம்பு தீர வேண்டும். பிறகு 2022-23இன் 40,000, அடுத்த இரண்டு ஆண்டுகளின் 60,000 வீதம், பழையதிலிருந்து வரிசையாக. எதுவுமே பயன்படுத்தாதவருக்கு மொத்தம் 2,20,000. ஆனால் அந்தந்த ஆண்டில் ஏதாவது பதிவுபெற்ற பென்ஷனில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். சொந்தமாகக் கட்டும் தொகைக்கு வரிச்சலுகை அந்த ஆண்டுச் சம்பாத்திய அளவுக்குத்தான். வேலை தரும் நிறுவனம் கட்டியதைக் கழிக்க மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

கேள்வி: கேஷ்ஃப்ளோ மாடலிங் இப்போது பாராபிளானர் கைக்கே வருகிறதே?

வரட்டும், நல்லதுதான். வாடிக்கையாளரின் வருங்கால வரவு செலவைக் கணித்துப் பார்ப்பதுதான் அது. வளர்ச்சி வீதத்தில் கட்டணத்தைக் கழித்தீர்களா, பணவீக்கத்தை ஒருபக்கம் சேர்த்து மறுபக்கம் விட்டீர்களா என்று பாருங்கள். ஓய்வுபெற்ற முதல் இரண்டு ஆண்டுகளில் சந்தை சரிந்தால் என்ன ஆகும் என்று தனியாக ஓட்டுங்கள். 2027 ஏப்ரல் முதல் செலவழிக்காத பென்ஷன் பணமும் வாரிசு வரிக்குள் வருகிறது. “ஐ.எஸ்.ஏ.வை (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) முதலில் செலவழி, பென்ஷனைக் கடைசியில் தொடு” என்று போட்ட பழைய திட்டங்களை எல்லாம் மறுபடி ஓட்ட வேண்டும்.

கேள்வி: ஏ.ஐ. வந்தபின் அறிக்கை எழுத ஆள் தேவையா?

முதல் வரைவை அது எழுதும். ஆனால் சந்திப்பில் வாடிக்கையாளர் “பார்க்கலாம்” என்றதை “ஒப்புக்கொண்டார்” என்று குறித்துவிடக்கூடும். ஒலிப்பதிவோடு ஒப்பிடாமல் விடாதீர்கள். அலுவலகம் அனுமதிக்காத செயலியில் வாடிக்கையாளர் விவரத்தை ஏற்றவே கூடாது.

கேள்வி: அட்மின் வேலையில் இருக்கிறேன். எந்தத் தேர்விலிருந்து தொடங்கலாம்?

லெவல் 4 தகுதி ஆலோசகருக்குத்தான் கட்டாயம், ஆனாலும் வேலை தருபவர்கள் பலர் அதைக் கேட்கிறார்கள். சி.ஐ.ஐ. என்ற தொழில்முறை அமைப்பு தரும் அந்த நிலை டிப்ளோமாவில் ஆர்01 முதல் ஆர்06 வரை தேர்வுகள் உண்டு. வரி பற்றிய ஆர்03, பென்ஷன் பற்றிய ஆர்04 இரண்டும் அன்றாட வேலைக்கு உடனே உதவும். ஆர்06 எழுத்துத் தேர்வு. கேஸ் ஸ்டடியை இரண்டு வாரம் முன்பே தந்துவிடுவார்கள், அந்த இரண்டு வாரத்துக்கு விடுப்பு கேட்டு வையுங்கள்.