மகளுக்கு ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் இடம்: 401(கே) பணத்தை எடுத்துக் கட்டலாமா?

கேள்வி: டல்லாஸுக்கு அருகே குடியிருக்கிறோம். எனக்கு 52 வயது. நானும் மனைவியும் சேர்ந்து ஆண்டுக்கு 1,50,000 டாலர் சம்பாதிக்கிறோம். குடியுரிமை பெற்றவர்கள், மகள் இங்கேயே பிறந்தவள். இந்த மே மாதம் உயிரியல் பட்டம் பெறுகிறாள். விண்ணப்பித்த எம்.டி. (இங்கே வழக்கமான மருத்துவப் பட்டம்) கல்லூரிகளில் இடம் கிடைக்கவில்லை. வேறு மாநிலத்தில் ஒரு தனியார் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் 2026 ஆகஸ்டில் சேர இடம் வந்திருக்கிறது. கட்டணமும் தங்குவதும் சாப்பாடும் சேர்த்து ஆண்டுக்கு 95,000 டாலர் ஆகும் என்று கல்லூரியே கணக்குக் கொடுத்துள்ளது. ஃபோர்ட் வொர்த்தில் உள்ள அரசு ஆஸ்டியோபதி கல்லூரியில் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாள். அங்கே என்றால் 50,000-க்குள் முடியும். தனியார் கல்லூரிக்கு இந்த மாதக் கடைசிக்குள் 2,500 டாலர் முன்பணம் கட்ட வேண்டும், திரும்பக் கிடைக்காது. என் 401(கே) ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் 4,10,000 டாலர், வங்கியில் 60,000, மகனுக்கு (வயது 16) 529 கல்விச் சேமிப்புத் திட்டத்தில் 38,000 இருக்கிறது. திருவையாறு பக்கம் அப்பா விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர் நஞ்சை உண்டு. அம்மா அங்கேதான் இருக்கிறார், குத்தகை அவருக்குப் போகிறது. "புத்தூர்க் கட்டு போடுகிற படிப்புக்கா இவ்வளவு பணம்?" என்று மைத்துனர் கேட்கிறார். மகள் தலையில் கடன் ஏறக் கூடாது. 401(கே)-யை எடுத்துவிடலாமா? நிலத்தை விற்கலாமா? அல்லது ஓராண்டு காத்திருந்து எம்.டி.க்கு மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லலாமா?

பதில்: முன்பணத்தைக் கட்டுங்கள். 401(கே)-யைத் தொடாதீர்கள். நிலத்தையும் தொடாதீர்கள். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் எல்லோரும் ஆஸ்டியோபதி பட்டத்தைக் குறிக்கும் டி.ஓ. என்ற இரண்டு எழுத்துகளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கவலைப்பட வேண்டியது 95,000-க்கும் 50,000-க்கும் இடையில் உள்ள 45,000 டாலரைப் பற்றி.

மைத்துனருக்கான பதிலை முதலில் முடித்துவிடுவோம். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்டியோபத் என்றால் கையால் சிகிச்சை அளிப்பவர். அவர் முழு மருத்துவர் அல்ல. மைத்துனர் மனத்தில் இருப்பது அதுவாக இருக்கலாம். அமெரிக்காவில் கதை வேறு. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் மிசூரியின் கிர்க்ஸ்வில் ஊரில் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த இந்தப் படிப்பு இன்று நான்காண்டு முழு மருத்துவப் படிப்பு. டி.ஓ. பட்டம் பெற்றவர் ஐம்பது மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவைச் சிகிச்சை செய்யலாம். எலும்பு, தசை சார்ந்த கைச் சிகிச்சைப் பயிற்சி எம்.டி. பாடத்துக்கு மேல் கூடுதலாக 200 மணி நேரம் அளவுக்கு வரும், அவ்வளவுதான். 2020 முதல் இரு பட்டத்தாருக்கும், பட்டத்துக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சியான ரெசிடென்சியின் அங்கீகாரமும் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. இறுதியாண்டு டி.ஓ. மாணவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ரெசிடென்சி இடம் கிடைக்கிறது. தோல் மருத்துவம், நரம்பு அறுவைச் சிகிச்சை போன்ற கடும் போட்டியுள்ள துறைகளில் எம்.டி.க்கு இன்னும் முன்னுரிமை உண்டு என்பது உண்மை. மகளின் மனம் அங்கேயே நிற்கிறதா என்று அவளிடமே கேளுங்கள்.

இனி பணம். இந்த ஆண்டு சேரும் மாணவர்களுக்கு விதிகள் மாறிவிட்டன. மூத்த மாணவர்களிடம் கேட்டுக் கணக்குப் போட்டால் தவறிவிடும். இதுவரை கிராட் பிளஸ் என்ற ஃபெடரல் (மத்திய அரசு) கடன் இருந்தது. கல்லூரி சொல்லும் மொத்தச் செலவு வரைக்கும் கடன் தந்துவிடும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதைப் புதியவர்களுக்கு நிறுத்திவிட்டது. 2026 ஜூலை 1-க்குப் பிறகு முதன்முறையாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு ஃபெடரல் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். உங்கள் மகள் ஆகஸ்டில் சேர்வதால் சரியாக இந்த வரம்புக்குள் வருகிறாள்.

ஃபோர்ட் வொர்த் கல்லூரி என்றால் இந்த 50,000-மே போதும். தனியார் கல்லூரி என்றால் ஆண்டுக்கு 45,000 துண்டு விழுகிறது, நான்கு ஆண்டுக்கு 1,80,000. முன்பணம் கட்டும் முன்பு குடும்பமாக உட்கார்ந்து பேச வேண்டிய எண் இதுதான்.

அந்தத் துண்டை 401(கே)-யால் அடைத்தால் என்ன ஆகும்? 59½ வயதுக்கு முன் எடுப்பதால் 10 சதவீத அபராதம். உயர்கல்விக்காக ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வூதியக் கணக்கிலிருந்து எடுத்தால் அபராதத்துக்கு விலக்கு உண்டு. 401(கே)-க்கு அந்த விலக்கு கிடையாது. உங்கள் வருமானத்துக்கு எடுக்கும் தொகை மீது 22 சதவீத வருமான வரியும் சேரும். கையில் 45,000 வர வேண்டுமானால் 66,000 எடுக்க வேண்டும். நான்கு ஆண்டில் 2,65,000 டாலர் கரைந்துபோகும், அதில் 85,000 வரியும் அபராதமும். உங்களுக்கு 56 வயதாகும்போது முப்பது ஆண்டு உழைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். படிப்புக்குக் கடன் தர ஆள் உண்டு. எழுபது வயதில் மளிகைக்கும் மருந்துக்கும் கடன் தர ஒருவரும் இல்லை. அந்த நாளில் நீங்கள் போய் நிற்பது இதே மகளிடம்தான். அவள் தலையில் கடன் ஏறக் கூடாது என்று நினைத்துச் செய்வது, அவளுடைய நாற்பது வயதில் வேறு வடிவத்தில் அவள் தலையிலேயே ஏறும். 401(கே)-யிலிருந்து கடனாக 50,000 வரை எடுக்கலாம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். ஐந்து ஆண்டில் திருப்ப வேண்டும், நடுவில் வேலை போனால் நெருக்கடி. ஐம்பதைத் தாண்டிய வயதில் அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்க வேண்டாம்.

நிலத்தைப் பற்றி: உங்கள் அம்மா அந்தக் குத்தகையில் வாழ்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் இருக்கும்வரை அது அவருடைய சோறு. விற்ற பணத்தை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வாழ்வோர் இந்தியாவில் வைக்கும் வங்கிக்) கணக்கு வழியாக ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை கொண்டுவரலாம், கிராமத்து விளைநிலத்துக்கு இந்தியாவில் மூலதன ஆதாய வரி இல்லை என்றெல்லாம் வழிகள் உண்டு. அமெரிக்காவில் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். ஆனால் வழி இருக்கிறது என்பதற்காகப் போக வேண்டியதில்லை.

அப்படியானால் 1,80,000-ஐ எப்படிச் சுருக்குவது? கல்லூரி சொல்லும் 95,000 உச்சவரம்பு. அதில் வாழ்க்கைச் செலவுப் பகுதியில் கை வைக்கலாம். இரண்டு மூன்று மாணவர்களோடு வீட்டைப் பகிர்ந்து, சமைத்துச் சாப்பிட்டால் ஆண்டுக்கு 8,000 குறைக்க முடியும். இப்போது அவளுடைய இளங்கலைச் செலவுக்கு உங்கள் சம்பளத்திலிருந்து மாதம் 1,200 டாலராவது போய்க்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதை நிறுத்தாமல் தொடர்ந்தால் ஆண்டுக்கு 14,400. வங்கியில் உள்ள 60,000-இல் 30,000-ஐ வீட்டு அவசரத்துக்கு வைத்துவிட்டு மீதியை நான்காகப் பிரித்தால் 7,500. இந்த மூன்றும் சேர்ந்து கிட்டத்தட்ட 30,000. மிச்சம் ஆண்டுக்கு 15,000 தனியார் கடன், நான்கு ஆண்டுக்கு 60,000. இரண்டு ஆண்டில் மகனும் கல்லூரிக்குப் போவான். அப்போது மாதம் 1,200-இல் ஒரு பங்கு அவனுக்குப் போகும், கடன் 75,000 வரை ஏறலாம். அவனுடைய 529 பணத்தை அக்காவுக்கு மாற்றச் சட்டம் இடம் தருகிறது. மாற்றாதீர்கள். பதினாறு வயதில் தன் பணம் அக்காவுக்குப் போனது அவனுக்கு மறக்காது.

தனியார் கடனுக்குப் பெரும்பாலும் நீங்கள் உடன் கையெழுத்திட வேண்டியிருக்கும். அவள் கட்டத் தவறினால் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். நிலையான வட்டியில் மட்டும் வாங்குங்கள். மாறும் வட்டி ஆரம்பத்தில் மலிவாகத் தெரிந்தாலும் வேண்டாம். ரெசிடென்சி முடியும்வரை குறைந்த தவணை கட்ட அனுமதிக்கும் கடனா என்று கேளுங்கள். முதல் ஆண்டிலேயே ஃபெடரல் கடனை முழுதாக எடுத்துவிட்டு, அதற்கு மேல்தான் தனியாரிடம் போக வேண்டும், வரிசையை மாற்றாதீர்கள்.

ஃபெடரல் கடனை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? 2025-26 கல்வியாண்டில் அதன் வட்டி 7.94 சதவீதம், அடுத்த ஆண்டுக்கான வட்டி மே மாத அரசுப் பத்திர ஏலத்தை வைத்து முடிவாகும். ஏறத்தாழ இதே வட்டி என்று வைத்துக்கொண்டால், 2,00,000 கடன் பட்டம் வாங்கும் நாளில் 2,40,000-ஐ நெருங்கியிருக்கும். பயப்பட வைக்கும் எண்தான். ஆனால் முதலாண்டு ரெசிடென்டின் சம்பளம் 65,000 முதல் 70,000 டாலர். புதிதாக வரும் ராப் என்ற திருப்பிச் செலுத்தும் திட்டத்தில் அந்த வருமானத்துக்குத் தவணை 6 சதவீதம், அதாவது மாதம் 335 டாலர் அளவில். மாதந்தோறும் ஏறும் வட்டி 1,300-க்கு மேல் இருக்கும். தவணையை ஒழுங்காகக் கட்டினால் அது அடைக்காத வட்டியை அரசு தள்ளுபடி செய்துவிடும். கடன் குட்டி போடாது. லாப நோக்கமற்ற மருத்துவமனையில் ரெசிடென்சி செய்தால் அந்த மாதங்கள் பொதுச் சேவைக் கடன் தள்ளுபடிக்கும் கணக்கில் சேரும். 120 தவணை முடிந்ததும் மீதி ரத்து. பயிற்சி மூன்று ஆண்டு, பிறகு அதே மாதிரி மருத்துவமனையில் ஏழு ஆண்டு. தனியார் கடனுக்கு இதில் எதுவும் கிடையாது. அதனால்தான் தனியார் பங்கு 60,000, மிஞ்சிப்போனால் 75,000-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மகளிடம் இன்னும் இரண்டு வழிகளைச் சொல்லுங்கள், வற்புறுத்தாமல். தேசிய சுகாதாரச் சேவைப் படையின் உதவித்தொகை: கல்விக் கட்டணம் முழுவதும் கிடைக்கும், ஈடாக, மருத்துவர் குறைவான பகுதியில் முதல்நிலை மருத்துவராக, உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு, குறைந்தது இரண்டு ஆண்டு, பணியாற்ற வேண்டும். மற்றொன்று ராணுவத்தின் மருத்துவ உதவித்தொகை. குடிமகள் என்பதால் தகுதி உண்டு, கட்டணத்தோடு மாதப்படியும் வரும், பிறகு ராணுவ மருத்துவராகச் சேவை. இரண்டும் வாழ்க்கையையே திருப்பும் முடிவுகள். பணத்துக்காக மட்டும் கையெழுத்திட்டவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். கிராமத்து மருத்துவத்தில் அவளுக்கு உண்மையான விருப்பம் இருந்தால் முதலாவது பொன்னான வாய்ப்பு. டெக்சஸுக்கே திரும்பி வந்து மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியில் வேலை செய்தால் மாநில அரசின் கடன் உதவித் திட்டமும் இருக்கிறது. நான்கு ஆண்டில் 1,80,000 டாலர் வரை.

ஓராண்டு காத்திருக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. கையில் இருக்கும் இடத்தை விட்டால், மறுபடி எம்.சி.ஏ.டி. நுழைவுத் தேர்வுக் கட்டணம், எம்.டி. கல்லூரிகளுக்கான ஆம்காஸ் பொது விண்ணப்பத்தில் முதல் கல்லூரிக்கு 175 டாலர் அளவும் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 50 டாலர் அளவும், அதற்கு மேல் கல்லூரிகளின் இரண்டாம் கட்ட விண்ணப்பங்களுக்குத் தலா 50 முதல் 150 வரை என்று ஆயிரங்கள் போகும். அது சிறிய நஷ்டம். பெரிய நஷ்டம், மருத்துவராக ஓராண்டு தாமதமாவது: குடும்ப மருத்துவருக்கே ஆண்டு வருமானம் 2,50,000 டாலரை ஒட்டி இருக்கிறது. அடுத்த ஆண்டு இடம் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

தனியார் கல்லூரியிடம் முன்பணத்துக்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டில் பட்டம் பெறுகிறார்கள்? பாதியில் நின்ற மாணவருக்குக் கடன் மட்டும் மிஞ்சும். இதைவிடப் பெரிய ஆபத்து இந்த முழுக் கணக்கிலும் இல்லை. மூன்றாம், நான்காம் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி எந்த ஊரில்? பல ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை இல்லை. மாணவர்கள் ஊர் ஊராக மாற வேண்டியிருக்கும், கார் வேண்டும், வாடகை முன்பணம் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டும். அந்தச் செலவும் தேர்வுக் கட்டணங்களும் 95,000-க்குள் அடங்குமா? டி.ஓ. மாணவர்கள் தங்களுக்கான காம்லெக்ஸ் உரிமத் தேர்வோடு எம்.டி. மாணவர்களின் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வையும் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எழுநூறு டாலர் அளவில் போகும்.

ஃபோர்ட் வொர்த்தை விட்டுவிடாதீர்கள். டெக்சஸ் அரசு மருத்துவக் கல்லூரிகளில் 90 சதவீத இடங்கள் மாநிலத்தவருக்கே. காத்திருப்போர் பட்டியல் கோடைகாலத்திலும் நகரும். இடம் வந்தால் அன்றே ஏற்றுக்கொண்டு தனியார் கல்லூரிக்கு விலகல் கடிதம் எழுதட்டும். 2,500 போய்விட்டதே என்று ஒரு நிமிடம்கூடத் தயங்க வேண்டாம்; 1,80,000 மிச்சம். "இடம் தந்தால் நிச்சயம் சேர்வேன்" என்று அவளே தன் சொற்களில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் அந்தக் கல்லூரிக்கு இந்த வாரமே எழுதட்டும்.

இன்னும் நிரப்பவில்லை என்றால், ஃபெடரல் கடனுக்கான ஃபாஃப்சா படிவத்தை இன்றே நிரப்பச் சொல்லுங்கள். முதுநிலை மாணவர் என்பதால் உங்கள் வருமானம் அதில் தடையாகாது. கல்லூரியின் நிதியுதவிக் கடிதம் வந்ததும் அதிலுள்ள எண்களை எனக்கு எழுதுங்கள். முதலாண்டுக் கணக்கைச் சேர்ந்து போடலாம்.