கையைக் கண்டாலே பதறும் பட்ஜி

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் பட்ஜி என்கிற சின்னக் கிளி ஒன்று வாங்கினேன். தினமும் அரை மணி நேரம் கையில் பிடித்து வைத்திருந்தால் தானாகப் பழகிவிடும் என்றார்கள். ஒரு வாரம் அப்படியே செய்தேன். கைக்குள் அசையாமல் இருந்ததால் பழகிவிட்டது என்றே நினைத்தேன். இப்போது கூண்டுப் பக்கம் போனாலே படபடவென்று சிறகடித்து மூலைக்கு ஓடுகிறது. நேற்று விரலில் ரத்தம் வரும் அளவுக்குக் கடித்துவிட்டது. வயதான பறவையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா? இறகை வெட்டிவிட்டால் அடங்குமா?
— ஒரு வாசகி

பதில்: இறகை வெட்ட வேண்டாம். பயந்த பட்ஜிக்கு முதல் தற்காப்பு பறந்து விலகுவது, இரண்டாவதுதான் கடிப்பது. முதலாவதை நீங்கள் பறித்துவிட்டால் மிச்சமிருப்பது அலகு மட்டுமே. கடி கூடுமே தவிரக் குறையாது.

வயதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மூன்று, நான்கு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுக்கு நெற்றியின் கறுப்பு வரிகள் அலகின் மேலுள்ள மூக்குப் பகுதி வரை இறங்கியிருக்கும், கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும். வளர்ந்த பிறகு நெற்றி வெளுத்து, கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் இந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது. எப்படியிருந்தாலும் வயது உங்கள் பிரச்சினை இல்லை. வளர்ந்த பட்ஜியும் பழகும், நாள் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பிரச்சினை அந்த அரை மணி நேரம். கைக்குள் அது அசையாமல் இருந்தது பழக்கத்தால் இல்லை, பயத்தால். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் கூட்டமாகத் திரியும் பறவை இது. எடை 30 முதல் 40 கிராம்தான். அதை ஒன்று இறுக்கிப் பிடிக்கிறதென்றால் அதன் அகராதியில் பிடித்தது பருந்து. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சிழுக்க உதவும் தசையான உதரவிதானம் பறவைக்கு நம்மைப்போல் கிடையாது. நெஞ்சுக்கூடு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சை அழுத்திப் பிடித்தால் மூச்சே நின்றுவிடலாம்.

ஆகவே இன்றிலிருந்து கணக்கை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஐந்து நாள் தீனியும் தண்ணீரும் மாற்றுவதைத் தவிரக் கை உள்ளே போகக் கூடாது. கூண்டு உங்கள் நெஞ்சு உயரத்தில், ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும். தரையில் வைத்தால் நீங்கள் எப்போதும் மேலிருந்து வருவீர்கள். மேலிருந்து வருவதெல்லாம் அதற்கு ஆபத்து. பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, எதையாவது மெல்லிய குரலில் படித்துக்கொண்டிருங்கள். கூண்டில் கண்ணாடி இருந்தால் எடுத்துவிடுங்கள். அதற்குள் தெரியும் ‘ஜோடி’யோடு நீங்கள் போட்டி போட முடியாது.

இந்த நாட்களில் நீங்கள் கற்க வேண்டியது ஒரே பாடம்: அது ஓடும் முன்பே நீங்கள் நிற்பது. கூண்டை நோக்கி நடக்கும்போது அதையே பாருங்கள். இறகு கோதிக்கொண்டிருந்தது சட்டென்று நிறுத்தும். இறகுகள் உடம்போடு ஒட்டி, ஆள் ஒல்லியாகி, கழுத்து நீளும். அதுதான் கோடு. அங்கேயே நின்றுவிடுங்கள். சற்றுப் பொறுத்தால் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி இறகைத் தளர்த்தும், அல்லது தீனிக்குத் திரும்பும். அப்போது விலகி வாருங்கள். சிறகடித்த பிறகு விலகினால், சிறகடித்தால் ஆள் போய்விடுவார் என்று அது கற்றுக்கொள்ளும். ‘பழகட்டும்’ என்று அங்கேயே நின்றால், தன் பேச்சை யாரும் கேட்பதில்லை என்று கற்றுக்கொள்ளும். இந்தக் கோடு நாளுக்கு நாள் கூண்டை நெருங்கும். நெருங்கவில்லையென்றால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள்.

கூண்டருகே நின்றாலும் அது சாப்பிடுகிறது என்ற நிலை வந்ததும் தினைக்கதிரை எடுங்கள். அதுவரை கூண்டில் கதிர் தொங்கிக்கொண்டிருந்தால் அகற்றிவிடுங்கள். இனி அது உங்கள் கையிலிருந்து மட்டும்தான். பட்டினி போடச் சொல்லவில்லை. இவ்வளவு சிறிய உடம்பு பசி தாங்காது. காலையில் தீனிக் கிண்ணம் நிரப்புவதைப் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளிப்போட்டு, அந்த இடைவெளியில் பழக்கினால் போதும்.

நீளமான கதிரின் நுனியை மட்டும் பிடித்துக் கம்பி வழியாக நீட்டுங்கள். முதல் நாள் கழுத்தை நீட்டி ஒரு மணியைப் பறித்துக்கொண்டு பின்வாங்கும். போதும். தயக்கமில்லாமல் தின்னத் தொடங்கியதும் கதிரை இரண்டு விரற்கடை குறைத்துப் பிடியுங்கள். விரலை உரசிக்கொண்டு தின்னும் கட்டம் வந்ததும் திறந்த கதவு வழியாக. முழங்கையை எதன் மேலாவது ஊன்றிக்கொள்ளுங்கள். கை வலித்து நடுங்குவதைப் பார்த்தே பாதிப் பறவைகள் பின்வாங்குகின்றன. ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை. அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து ஆள்காட்டி விரலைக் குச்சி போலக் கிடையாக, அதன் காலுக்குச் சற்று மேல் மட்டத்தில், பறவைக்கும் கதிருக்கும் இடையில் வையுங்கள். எட்டித் தின்ன ஒரு காலை விரல் மேல் வைத்தாக வேண்டும். அதற்கு முன் அலகால் விரலைக் கவ்விப் பார்க்கும். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். அது கடியில்லை. புதுக் குச்சியில் ஏறும் முன் தாங்குமா, ஆடுமா என்று அலகை ஊன்றிச் சோதிக்கிறது. ‘ஐயோ’ என்று கையை இழுத்தீர்களோ, ஆடுகிற குச்சி என்று முடிவு கட்டிவிடும். விரலை அசைக்காமல் வையுங்கள். ஒரு கால் வரும், போகும், மறுபடி வரும். இரண்டு காலும் ஏறிய பிறகும் கையைத் தூக்காதீர்கள். தின்றுவிட்டுத் தானாக இறங்கட்டும். நாலைந்து நாள் இப்படிப் போன பிறகு, காலுக்குச் சற்று மேலே வயிற்றில் விரலை லேசாக வைத்து ‘ஏறு’ என்று ஒரே சொல்லைச் சொல்லிப் பழக்கலாம்.

நிஜமாகவே கடித்தால் கத்தாதீர்கள், உதறாதீர்கள், அதன் முகத்தில் ஊதாதீர்கள். கையை மெல்ல விலக்கிவிட்டு, அடுத்த தடவை ஒரு கட்டம் பின்னால் போய்த் தொடங்குங்கள். கையுறை போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். கையுறைக்குப் பழகிய பறவை கைக்குப் பழகியதாகாது.

இளம் பறவை என்றால் இரண்டு, மூன்று வாரத்தில் விரலில் ஏறலாம். பிடிபட்டு மிரண்ட உங்கள் பறவைக்கு இரண்டு, மூன்று மாதமே ஆகலாம். துணைக்கு இன்னொன்று வாங்குவதில் தவறில்லை, ஆனால் இது விரலேறிய பிறகு வாங்குங்கள். இடையில் ஒருநாள் திடீரென்று ‘சாது’வாகி, இறகை உப்பிக்கொண்டு நாள் முழுக்கத் தூங்கினாலோ, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினாலோ, அது நோய். பட்ஜி நோயைக் கடைசி வரை மறைக்கும். அன்றே பறவை பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

விரலேறிய பிறகே அறைக்குள் பறக்க விடுங்கள். மின்விசிறி நிற்க வேண்டும், ஜன்னல் கண்ணாடிக்குத் திரை வேண்டும், தண்ணீர்ப் பாத்திரங்கள் மூடியிருக்க வேண்டும். அடுப்பில் நான்ஸ்டிக் பாத்திரம் காயக் கூடாது. அதிகச் சூட்டில் அது விடும் புகை பட்ஜியை நிமிடங்களில் கொன்றுவிடும். முதல் நாள் கூண்டுக்குத் திரும்ப மறுத்தால் துண்டைப் போட்டுப் பிடிக்காதீர்கள், இத்தனை வார வேலையும் வீண். வெளியே தீனி எதுவும் வைக்காமல், கூண்டுக்குள் மட்டும் கதிரைத் தொங்கவிட்டு, அந்தி சாயும்போது அறை விளக்கைக் குறைத்துக் கூண்டருகே மட்டும் வெளிச்சம் வையுங்கள். பசித்ததும் உள்ளே போகும்.