அணிலுக்கு எட்டாமல், குருவிக்கு எட்டும்படி

மார்ச் பிறந்தால் தோட்டத்துப் பறவைகளைப் பற்றிய கேள்விகள் நிறைய வரும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே புகார்: குருவிக்கு வைத்ததை வேறு யாரோ தின்றுவிடுகிறார்கள்.

சிட்டுக்குருவிக்காக மாடியில் கம்பு டப்பா தொங்கவிட்டேன். அரை மணி நேரத்தில் அணில்கள் காலி செய்துவிடுகின்றன. கம்பிவலைக் கூண்டு வாங்கலாமா? (தஞ்சாவூர்)

அணிலுக்காக என்றால் வாங்க வேண்டாம். அந்த மாதிரிக் கூண்டுகள் வெளிநாட்டுப் பெரிய அணில்களை மனதில் வைத்துச் செய்தவை. முதுகில் மூன்று கோடு போட்ட நம் அணில் ஒல்லி. குருவி நுழையும் வலைக்கண்ணில் அதுவும் நுழையும். டப்பாவை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோவதுதான் வழி. சுவர், கிளை, துணிக்கொடி எதுவானாலும் 8 முதல் 10 அடி தள்ளி இருக்கட்டும். கயிற்றுக்குப் பதில் மெல்லிய கம்பியில் கட்டுங்கள். டப்பாவுக்கு மேலே அகலமான பழைய தாம்பாளம் ஒன்றை நடுவில் துளையிட்டுக் கவிழ்த்து மாட்டுங்கள். தட்டு ஆட ஆட, அணிலுக்குக் கால் நிற்காது. கம்பத்தில் வைப்பவர்கள் டப்பாவுக்குக் கீழே 6 அங்குல அகல பிவிசி குழாயை 2 அடி நீளத்துக்குச் செருகிவிட்டால், அந்த வழுவழுப்பில் நகம் பிடிக்காது.

சிலர் கம்பத்தில் கிரீஸ் தடவுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இறகில் ஒட்டினால் பறவையால் அதை நீக்க முடியாது, பறக்கவும் முடியாது. மிளகாய்த்தூள் பரவாயில்லை. அதன் காரம் அணிலுக்கும் எலிக்கும் உறைக்கும், பறவைக்கு உறைக்காது. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்துவதைப் பார்த்திருப்பீர்களே! ஆனால் உலர்தூளாகத் தூவினால் காற்றில் கண்ணுக்குள் போகும். சில சொட்டு எண்ணெயில் பிசறிக் கலந்துவிடுங்கள்.

அப்புறம், அணிலுக்கும் தோட்டத்தின் இன்னொரு மூலையில் ஒரு வெம்பிய கொய்யாவைப் போட்டு வையுங்கள். எனக்கு அதன் மேல் எந்தக் கோபமும் இல்லை.

காக்கைக்குச் சோறு வைப்பது மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் காக்கையும் புறாவும் வந்தால் சின்னப் பறவைகள் ஓடிவிடுகின்றன. (மதுரை)

வழக்கத்தை விட வேண்டாம், இடத்தையும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள். குருவித் தீனி பின்பக்கம், விடிந்ததும். காக்கைச் சோறு முன்பக்கச் சுவரில், சமையல் முடிந்த பிறகு. காக்கை முட்டையையும் குஞ்சையும் எடுக்கும் என்பதால், சோறு வைக்கும் இடத்தருகே கூடு எதையும் தொங்கவிடக் கூடாது. கம்பிவலை இங்கேதான் உதவும்: 4 சென்டிமீட்டர் வலைக்கண்ணில் சிட்டு நுழையும், காக்கையும் புறாவும் வெளியே நிற்கும். தரையில் மட்டும் தானியத்தை இறைக்காதீர்கள், மாடப்புறாக்கள் மாடியையே குடியிருப்பாக்கிவிடும்.

தினை வைக்க ஆரம்பித்த பிறகு எலி வருகிறது. போன வாரம் சாரைப்பாம்பும் வந்தது. நிறுத்திவிடட்டுமா? (கும்பகோணம்)

நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள். எனக்கு வரும் புகார்களில் முக்கால்வாசி அதிகமாக வைப்பதால்தான். காலையில் இரண்டு மேசைக்கரண்டி போதும். பறவைகள் பொழுது சாயும்போதே அடைந்துவிடும். அதற்குப் பிறகு கிடப்பது முழுக்க எலிக்குத்தான். எனவே டப்பாவுக்குக் கீழே ஒரு தட்டு வைத்துச் சிந்துவதைப் பிடியுங்கள், சாயங்காலம் இரண்டையும் உள்ளே எடுத்துவிடுங்கள். சோறு, பிஸ்கட், உப்புப் போட்ட மிக்சர் வேண்டவே வேண்டாம். சாரைக்கு விஷமில்லை, அடிக்காதீர்கள். அது எலியைத் தேடித்தான் வந்தது, எலி நின்றால் அதுவும் போய்விடும். ஆனால் எலியைத் தேடி நல்ல பாம்பும் வரும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

குரங்குகள் டப்பாவையே பிய்த்து எறிகின்றன. (குற்றாலம்)

குரங்கு வரும் ஊரில் தீனி வைக்காதீர்கள். எந்தப் பூட்டும் நிற்காது, பிறகு சமையலறைக்குள்ளும் வரும். செடி வையுங்கள். செம்பருத்திக்கும் இட்லிப்பூவுக்கும் தேன்சிட்டு வரும். கறிவேப்பிலையை ஒடித்துக்கொண்டே இருக்காமல் ஒரு மரத்தையாவது பழுக்க விடுங்கள். அந்தக் கறுப்புப் பழத்துக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் வரும்.

கிளி தினமும் வருகிறது. பிடித்து வளர்க்கலாமா? (ஈரோடு)

கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தினமும் தானாக வருகிறதே, அதைவிட என்ன வேண்டும்?

மூன்று மாதமாகத் தீனியும் கூடும் வைத்திருக்கிறேன், ஒரு சிட்டு கூட வரவில்லை. இனமே அழிந்துவிட்டதா? (சென்னை)

இல்லை. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை என்கிறது. ஆனால் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. உங்கள் தெருவில் குருவியே இல்லாவிட்டால் பெட்டி மட்டும் அதை வரவழைக்காது. பக்கத்துத் தெருவில் இருந்தால் நம்பிக்கை உண்டு. கூட்டின் துளை ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை அங்குலம் இருக்கட்டும், பெரிதானால் மைனா புகுந்துவிடும். எட்டடி உயரத்தில், வெயில் படாத இறவாணத்தடியில் மாட்டுங்கள். துளைக்குக் கீழே குச்சி தேவையில்லை. முக்கியமாக, செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துங்கள். பெரிய குருவி தானியம் தின்றாலும், பொரித்த குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். அது கிடைக்காத இடத்தில் கூடு கட்டினாலும் குஞ்சு பிழைக்காது.

தண்ணீர் வைத்தால் கொசு வரும் என்கிறார் வீட்டுக்காரர். பூனை பயமும் இருக்கிறது. (திருச்சி)

தினமும் பழைய நீரைக் கொட்டிக் கழுவி ஊற்றினால் கொசு வராது. முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் ஆகும். வாயகன்ற மண்சட்டி, இரண்டு அங்குல ஆழம், கால் ஊன்ற நடுவில் ஒரு கல். புதரோரம் வைத்தால் பூனை பதுங்கும். ஆறடி தள்ளி, நாலாபுறமும் பார்வை படும் நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து வந்து குளிக்கும், அதனால் மதியம் ஒருமுறை மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும்.