ஜப்பானில் ஒரு குடும்பத்தோடு தங்க, அழைப்புக் கடிதத்தை விலைக்கு வாங்கணுமா?

கேள்வி: மகள் கல்லூரி மூன்றாம் ஆண்டு. ஜப்பானிய மொழியில் என்4 எனும் தொடக்க நிலைத் தேர்வு முடித்திருக்கிறாள். மே மாதம் மூன்று வாரம் கனசாவாவில் ஒரு குடும்பத்தோடு தங்கி, பேச்சுப் பழக ஆசைப்படுகிறாள். "அழைப்புக் கடிதம் இல்லாமல் விசா வராது. வீடு, கடிதம், உத்தரவாதம் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம். அங்கே பகுதி நேர வேலையும் பார்க்கலாம்" என்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா? (ஒரு தாய், திருச்சி)

கொடுக்காதீர்கள், அம்மா.

காசு கொடுத்துத் தங்கும் வீட்டுக்கு உங்கள் மகள் வாடிக்கையாளர். லாட்ஜில் ரூம் போடுகிறவர் லாட்ஜ்காரரிடம் அழைப்புக் கடிதம் வாங்கிக்கொண்டா போகிறார்? சாதாரண சுற்றுலா விசா போதும். அதற்கு வேண்டியவை: எந்த நாள் எங்கே தங்கல் என்ற பயண நிரல், உங்கள் வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாள், கல்லூரிக் கடிதம், செலவு உங்களுடையது என்று நீங்கள் எழுதித் தரும் கடிதம். நிரலில் அந்த வீட்டின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

ஏஜென்ட் விற்கிற கடிதத்தில் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? "எங்கள் குடும்ப நண்பரின் மகள்" என்று. எப்படிப் பழக்கம், எத்தனை வருடமாக என்று தூதரகத்தில் கேட்டால், அந்த வீட்டம்மா பெயரைக்கூட உங்கள் பெண்ணால் சொல்ல முடியாது. விசா மறுத்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். அதே நோக்கத்துக்கு ஆறு மாதம் மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. ஏன் மறுத்தோம் என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடுமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த மௌனத்தை வைத்துத்தான் "உள்ளே நமக்கு ஆள் இருக்கு" என்று இவர்கள் பிழைக்கிறார்கள்.

நிஜமான அழைப்பு என்றால் கதை வேறு. மகளோடு படித்த ஜப்பானியத் தோழி "எங்க வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டிருக்கிறாள் என்று வையுங்கள். அப்போது அழைப்புக் கடிதம் வேண்டும், பழக்கத்தைக் காட்டும் படங்களோ மின்னஞ்சல்களோ வேண்டும். அந்தக் குடும்பமே செலவையும் ஏற்றால்தான் உத்தரவாதக் கடிதம், 'ஜூமின்ஹியோ' எனும் குடியிருப்புச் சான்று, வருமானச் சான்று. டிக்கெட்டும் கைச்செலவும் உங்களுடையது என்றால் உத்தரவாதக் கடிதம் தேவையில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஆட்கள் 'எதற்கும் இருக்கட்டுமே' என்று தோழியின் அப்பாவிடம் வருமானச் சான்று கேட்டுவிடுகிறார்கள். அவரும் மறுக்கக் கூச்சப்பட்டு, அரை நாள் லீவு போட்டு நகராட்சி அலுவலகத்தில் போய் நிற்பார். பெண் போய் இறங்கும் முன்பே மனக்கசப்பு.

பகுதி நேர வேலை என்பது பச்சைப் பொய். சுற்றுலா விசாவில் சம்பாதிக்கக் கூடாது. தோட்ட வேலைக்குப் பதிலாகச் சாப்பாடும் படுக்கையும் என்றாலும் அதையும் கூலியாக எடுத்துக்கொள்ளக்கூடும். 'ஒர்க்கிங் ஹாலிடே' விசா, அதாவது வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்ற இளைஞர்களுக்குத் தரும் விசா, என்று ஏஜென்ட் அடுத்து ஆரம்பிப்பார். ஜப்பான் அதற்கு ஒப்பந்தம் போட்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை.

இனி வீடு. 2018 ஜூனில் வந்த சட்டப்படி, இப்படி வாடகைக்கு விடும் வீடு பதிவு செய்திருக்க வேண்டும். வருடத்தில் 180 நாளுக்கு மேல் விடக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியமாக, வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கிறாரா என்று கேளுங்கள். விளம்பரப் படத்தில் ஒரு பாட்டி தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார். போய்ப் பார்த்தால் வாசலில் சாவிப்பெட்டி மட்டும் தொங்கும். "நாங்கள் வரும் வாரம் வீட்டில் யார் யார் இருப்பீர்கள்?" என்று ஒரு கேள்வி போதும். மூன்று வாரமும் சுவரோடு பேசிக்கொண்டிருந்தால் மொழி எப்படிப் பழகும்?

மகள் சைவமா என்று நீங்கள் எழுதவில்லை. சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். 'மீன் சாப்பிட மாட்டேன்' என்றால் தட்டில் மீன் துண்டு இருக்காது, அவ்வளவுதான். மிசோ எனும் சோயா விழுதில் செய்யும் சூப்புக்கு அடிப்படையான 'தாஷி' பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் கொதித்த சாறு. கொம்பு என்ற கடற்பாசியில் மட்டும் செய்த தாஷி வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள்.

குளியல் தொட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அனுப்பிய ஒரு பையன் முதல் நாளே தொட்டிக்குள் உட்கார்ந்து சோப்புப் போட்டிருக்கிறான். குளித்து முடித்ததும், அழுக்குத் தண்ணீர் ஆயிற்றே என்று, பெரிய மரியாதையாக அடைப்பை வேறு பிடுங்கிவிட்டான். வீட்டில் நாலு பேர் அதே சுடுதண்ணீருக்குக் காத்திருந்தார்கள். வெளியே உட்கார்ந்து தேய்த்துக் குளித்த பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். வெளியே வந்ததும் மூடி வைத்துவிட்டு வர வேண்டும்.

விசா ஈ-விசாவாக வந்தால், விமான நிலையத்தில் போனில் இணையத்தோடு திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டும் அச்செடுத்த தாளும் செல்லாது.