மூங்கில் தரை போடும் முன் சிமெண்டு வியர்க்கிறதா பாருங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட்டில் ஒற்றை மாடி வரிசை வீடு எங்களுடையது. ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் (குடியிருப்பு). சிமெண்டுத் தரை அங்கங்கே விரிசல் விட்டிருக்கிறது. மகள் கோலாலம்பூரில் தோழி வீட்டில் மூங்கில் தரையைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் அதுதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். காண்ட்ராக்டர் வந்து பார்த்தார், பழைய சிமெண்டு மேலேயே போடலாம், ரெண்டே நாள் வேலை, தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்கிறார். மாமியாரோ, "மூங்கிலைப் பாடைக்குத்தான் கட்டுவாங்க, அதை எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டாரீங்க" என்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, மாமியார் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுவதும் மூங்கிலில்தான் என்று சொல்லிப் பாருங்கள். கடையில் பலகையாக வருவது பெரும்பாலும் சீனாவில் விளையும் மோசோ மூங்கில். அதைக் கீற்றாகச் சீவி, வேகவைத்து, உலர்த்தி, பசை போட்டு அழுத்தியிருப்பார்கள். பார்த்தால் மூங்கில் என்றே அவருக்குத் தெரியாது.

எனக்குப் பயம் அந்த "ரெண்டே நாள்" மேல்தான்.

பழைய தோட்ட நிலத்தில் எழும்பிய வீடுகளில் சிமெண்டுக்கு அடியில் பிளாஸ்டிக் விரித்தார்களா இல்லையா என்று இப்போது யாருக்கும் தெரியாது. விரிக்காமல் விட்டிருந்தால் மண்ணின் ஈரம் சிமெண்டு வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். இதுவரை அது காற்றில் போய்விட்டதால் உங்களுக்குத் தெரியவில்லை. மேலே பலகையைப் போட்டு மூடினால் அந்த ஈரம் எங்கே போகும்? பலகையின் அடிப்பக்கத்துக்குத்தான். அடி ஊறும், மேல்பக்கம் காய்ந்திருக்கும், ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கி நடுவில் குழிந்து ஓடு மாதிரி ஆகிவிடும். அலமாரியை நகர்த்திப் பாருங்கள், சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்துச் சாயம் உதிர்ந்திருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது.

இல்லையென்றாலும் ஒரு சோதனை செய்யுங்கள், பத்து காசு செலவில்லை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தடித்த பிளாஸ்டிக் துண்டு, ஓட்டையில்லாதது. தரையைத் துடைத்துக் காயவிட்டு அதை விரித்து, நான்கு பக்கமும் அகலமான டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, மூன்று நாள் அப்படியே விட்டுவிடுங்கள். ஹாலில் ஒன்று, அறையில் ஒன்று, குளியலறைச் சுவரை ஒட்டி ஒன்று. பிறகு உரித்தால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலோ, அந்த இடத்துச் சிமெண்டு மட்டும் கறுத்திருந்தாலோ, ஈரம் கீழிருந்து வருகிறது. பிளாஸ்டிக்கின் மேல்பக்கம் மட்டும் பிசுபிசுத்தால் அது காற்றின் ஈரம், அது வேறு கணக்கு. நல்ல வெயில் மாதத்தில் செய்துவிட்டு "காய்ஞ்சுதான் இருக்கு" என்று நிம்மதியாகிவிடாதீர்கள், மழை மாதத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

அங்கேதான் தீபாவளி இடிக்கிறது. நம் பேராக் பக்கம் அக்டோபர், நவம்பர் என்றால் நல்ல மழை, நம்மவர்கள் வீட்டு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வதும் அப்போதுதான். தொழிற்சாலையில் பலகையை ஏறக்குறைய 8 முதல் 10 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்திப் பெட்டியில் அடைக்கிறார்கள். நம் ஊர்க் காற்றில் கிடந்தால் அது ஈரத்தைக் குடித்து அகலத்தில் பெருக்கும். அதனால் பெட்டியைப் பிரித்து, போடப் போகிற அதே அறையில் குறைந்தது மூன்று நாள், என்னைக் கேட்டால் பத்து நாள், காற்றுப் படும்படி அடுக்கி வைக்க வேண்டும். நாரை இழை இழையாகப் பிரித்து அழுத்திச் செய்த கெட்டி வகை என்றால் இன்னும் மெதுவாகத்தான் குடிக்கும். காலையில் லாரியில் இறக்கி மதியம் அடிக்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

என் கதையையும் கேளுங்கள். என் வீட்டு ஹாலில் போட்டவர் சுவரை ஒட்டி இடைவெளியே விடவில்லை, "கேப் தெரிஞ்சா அசிங்கமா இருக்கும் அண்ணே" என்றார், நானும் தலையாட்டினேன். நவம்பர் மழை ஒரு வாரம் விடாமல் பெய்தது. ஒரு நாள் காலையில் காபியோடு நடக்கிறேன், ஹால் நடுவில் தரை அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது, மிதித்தால் "டக்" என்று இறங்கி மறுபடி எழுகிறது. பெருத்த பலகைக்குப் போக இடமில்லை, மேலே வந்துவிட்டது. சுவரடியில் ஓடும் ஸ்கர்டிங் பட்டையைக் கழற்றி, சுவரோரப் பலகையை ஒரு விரல் கனத்துக்கு அறுத்து எடுத்த பிறகுதான் மெல்ல மெல்லப் படுத்தது. எல்லாச் சுவரிலும், தூணிலும், கதவு நிலையிலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் விட வேண்டும், ஸ்கர்டிங் வைத்தால் வெளியே தெரியாது. அந்த ஸ்கர்டிங்கையும் சுவரில்தான் அடிக்க வேண்டும், பலகையில் அல்ல.

சோதனையில் தரை தேறிவிட்டால் காண்ட்ராக்டரிடம் கறாராகப் பேசுங்கள். விரிசலை அடைத்து, மேடுபள்ளத்தைச் சமப்படுத்த வேண்டும், 2 மீட்டர் நீளக் கோலை வைத்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக்கூடாது. அதன்மேல் 0.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக், ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்து டேப் போட்டு, சுவரோரம் கொஞ்சம் மடித்து ஏற்றி. பிறகு நுரைப்பாய், அப்புறம்தான் பலகை. சதுர அடி விலை சொல்லும்போது இதெல்லாம் சேர்த்தா சேர்க்காமலா என்று எழுதி வாங்குங்கள். பலகை விலையை மட்டும் மலிவாகச் சொல்லிவிட்டு மற்றதை ஒவ்வொன்றாகக் கூட்டுவது பழைய வித்தை.

சமையலறை, குளியலறை, வீட்டு முன்னால் இருக்கும் ஐந்தடி வாசல் மூன்றிலும் வேண்டவே வேண்டாம். அப்புறம் வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் கழுவி விடும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் (மாமியார் இருக்கிறார் என்கிறீர்கள், கண்டிப்பாக இருக்கும்) அது இனி நடக்காது. பிழிந்த துணியால் துடைக்கத்தான் முடியும். சாமி அறையில் மாக்கோலமும் எண்ணெய் விளக்கும் சாம்பிராணித் தணலும் உண்டு, அங்கே டைல்ஸே இருக்கட்டும்.

முதலில் மகள் அறைக்கு மட்டும் போட்டு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். சோதனையில் தண்ணீர் கோத்திருந்தால் வீடு முழுக்க டைல்ஸ், மகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேள்வி: மூங்கில் பலகையில் வெளிர் மஞ்சளும் காப்பி நிறமும் இருக்கிறதே, கருத்தது உறுதியானதா?
- ஒரு வாசகர், கூலிம்

பதில்: எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், உண்மை தலைகீழ். அந்தக் காப்பி நிறம் சாயமில்லை. நீராவியில் அழுத்தி வேகவைக்கும்போது மூங்கிலில் உள்ள சர்க்கரை கருகி வருவது. வேக வேக நார் தளரும், அதனால் அதே வகை வெளிர் பலகையைவிடக் கருத்தது மெத்து. உறுதி வேண்டுமென்றால் நிறத்தை விட்டுவிட்டு, இழை பிரித்து அழுத்திய வகையா என்று கேளுங்கள். கட்டையின் கடினத்தை ஜங்கா என்ற அளவில் சொல்வார்கள். நம் ரப்பர் கட்டை ஆயிரத்தைத் தொடாது, சாதாரண மூங்கில் பலகை 1300 சுற்றி, இழை வகை 3000 பக்கம் போகும். இருந்தாலும் செருப்பில் ஒட்டி வரும் செம்மண் மணல் எதையும் கீறும். வாசலில் ஒரு மிதியடி போடுங்கள்.

கேள்வி: பிசின் கலந்து அழுத்துவதால் மூங்கில் பலகையைக் கரையான் தொடாது என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?
- ஒரு வாசகி, பீடோர்

பதில்: நம்பாதீர்கள். மெதுவாகத் தின்னும், அவ்வளவுதான். தோட்டத்தை அழித்தபோது விட்டுப்போன ரப்பர் வேர்க்கட்டை மண்ணுக்குள் கிடந்தால் கரையானுக்கு அது சாப்பாட்டுக்கடை. அங்கிருந்து சிமெண்டு விரிசல் வழியாக ஏறும், மேலே பலகை மூடியிருப்பதால் மண்கோடு நம் கண்ணில் படாது. கையோடு விரிசலை அடைத்து, தளத்தில் துளையிட்டு மண்ணுக்கு மருந்து இறக்கச் சொல்லுங்கள். பலகை போட்ட பிறகு அந்தத் துளையைப் போட முடியாது.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆற்றோரம் மூங்கில் புதர் காடாக நிற்கிறது. வெட்டி நானே பலகை செய்தால் பணம் மிச்சமாகுமே?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஆசை நல்லதுதான். ஆனால் பச்சை மூங்கிலில் மாவுச்சத்து நிறைய, துளைக்கும் வண்டுக்கு அதுதான் தீனி. வெட்டிய சில மாதத்திலேயே அடியில் மஞ்சள் பொடி கொட்டத் தொடங்கும். அதைத் தடுக்கப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். அதற்கு முன் மூன்று நான்கு வயது முற்றிய கழியாகப் பார்த்து வெட்டத் தெரிய வேண்டும். பிறகு சீவ, உலர்த்த, அழுத்த இயந்திரம் வேண்டும், வீட்டில் யாரிடம் இருக்கிறது? கழியாகவே வைத்துக்கொண்டு கோழிக்கூண்டும் பாகற்காய்ப் பந்தலும் கட்டுங்கள். பெத்தோங் வகையாக இருந்தால் மழைக்கு முளைக்கும் குருத்தை வெட்டி, நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைக்கலாம். எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்புங்கள்.